கேள்விக்குப் பின்னால் வந்தவர்

மகன்,

நான் வெள்ளை உடுத்து வடக்கு அறையில் இருக்கிறேன். இதை உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். சொல்ல வேண்டாம் என்று நானே தடுத்துவைத்தேன். நீ பேசி அனுப்பிய கெசட் நாடாவை உன் தங்கை இங்கேயே கொண்டுவந்து போட்டுக் காட்டினாள். ரியாத்தின் சூடு, உன் முதலாளியின் குணம், மாமாவுக்கு அனுப்பிய இருமல் மருந்து எல்லாம் சொன்னாய். கடைசியில் தங்கையின் கலியாணத்தில் பெண்ணை ஒப்புக்கொடுக்கிறவராக நிற்கும் பேச்சுக்கு வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு, "வாப்பா இரிக்கக்குள்ள நான் தங்கச்சிக்கு வலீயா நிக்க ஏலா உம்மா" என்று சொல்லி முடித்திருந்தாய். தங்கை கெசட்டை நிறுத்தினாள். நாங்கள் இருவரும் அறைக் கதவைப் பார்த்தோம். அங்கே யாரோ வந்து நின்று, உட்காரச் சொல்வோம் என்று காத்திருப்பதுபோல் இருந்தது.

நானும் ஒரு கெசட்டில் பேசி அனுப்பியிருக்கலாம். ஆனால் அதை உன் அறையில் எல்லாரும் சேர்ந்து கேட்பீர்கள் என்று எனக்குத் தெரியும். அதோடு, எழுதினால் ஒவ்வொரு வசனத்தையும் வெளியே விடுவதற்கு முன் நிறுத்திவைத்துப் பார்க்கலாம். வாயால் விட்ட ஒரு வசனம் இந்தக் கரை முழுவதும் நடந்து திரிந்துவிட்டு எங்கள் படலைக்கே வந்து நின்றதை நீயும் நானும் பார்த்திருக்கிறோம். அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். நிதானமாகப் படி.

நான் மட்டக்களப்பில் கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள் என்பதைச் சொல்லிச் சொல்லியே உங்கள் இருவரையும் அலுக்கவைத்திருக்கிறேன். இந்த ஒன்றை மட்டும் சொன்னதில்லை. விடுதி வளவில் ஒரு மாமரம் நின்றது. ஒருநாள் காலைக் கூட்டத்தில் பெரிய சிஸ்டர் சிரித்த முகத்தோடு, "இந்தத் தவணையில் மாங்காய் களவெடுப்பதை விட்டுவிட்ட நல்ல பிள்ளைகள் கையை உயர்த்துங்கள்" என்றார். நல்ல பிள்ளை என்ற பெயருக்கு ஆசைப்பட்டு அரைவாசிப் பேர் உயர்த்தினார்கள். அவர்கள் எல்லாரும் முன்பு களவெடுத்தவர்கள் என்று ஆனது. நான் அந்த மரத்தைத் தொட்டதே இல்லை; ஆகையால் கையை உயர்த்தவில்லை. நான் இன்னும் களவெடுக்கிறவள் என்று ஆனது. அன்று எல்லாரும் ஒன்றாக முழங்காலில் நின்றோம். 'நான் ஒருநாளும் எடுக்கவில்லை' என்று சொல்ல அந்தக் கேள்வியில் ஒரு மூலைகூட இருக்கவில்லை.

கேள்வி ஒருபோதும் தனியாக வருவதில்லை, மகன். அதற்குப் பின்னால் வாய் திறக்காத ஒருவர் வருகிறார். முன்னால் நிற்பவருக்கு நாம் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போது, அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துவிடுவார். அவரை யார் உள்ளே விட்டது என்று பிறகு யாருக்கும் தெரியாது. நான் அந்த முழங்கால் வலியோடு அன்றைக்கே இதைப் படித்துக்கொண்டேன். அதற்குப் பிறகு யார் என்ன கேட்டாலும் பின்னால் நிற்பது யார் என்று எட்டிப் பார்ப்பேன். மற்றவர்கள் கேட்கும்போது பார்ப்பேன். நான் கேட்கும்போது பார்க்க வேண்டும் என்று தோன்றவில்லை.

புயல் அடித்த அன்று காலை உன் வாப்பா வயல் வட்டைக்குப் புறப்பட்டபோது நானும் அவரும் தங்கையின் படிப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். மழைக்கு வயல் வரம்பு உடைந்திருக்கும், பார்த்துவிட்டு வருகிறேன் என்றார். சைக்கிளில் ஏறி, "மிச்சத்தப் பின்னேரம் கதைப்பம்" என்றார். நாம் நாளெல்லாம் இப்படித்தான் பேசுகிறோம். பின்னேரம் ஒன்று இருக்கிறது, அதில் நாங்கள் இருவரும் இருப்போம் என்பதை யாரும் யாரிடமும் கேட்பதில்லை. பின்னேரம் வந்தது, எங்கள் கூரையைக் கொண்டுபோனது, ஊரின் தென்னைகளை இடுப்போடு முறித்துப் போட்டது. வட்டையில் காவலுக்குப் போட்ட வாடி நின்ற இடத்தில் தண்ணீர்தான் நின்றது. சைக்கிள் கிடைத்தது. வாப்பா கிடைக்கவில்லை.

உன் சாச்சா தன் அண்ணனுக்காக அழுது முகம் வீங்கி வந்து முற்றத்தில் நின்றார்.

"மதினி, ஜனாஸாத் தொழுகைய நடத்துவம். மறுகா நீங்க இத்தாவுல இரிங்க."

"ஆருக்கு ஜனாஸா? மையத்தக் கண்டீங்களா?"

"காணல்ல."

"அப்ப கதைக்காதீங்க."

கணவனை இழந்தவள் வெள்ளை உடுத்து, வெளி ஆண்களின் கண்ணில் படாமல் வீட்டுக்குள் இருப்பதுதான் இத்தா. நான் அதில் இருந்தால், யாரும் சொல்லாத ஒன்றை என் உடுப்பு சொல்லிவிடும். அதனால் நீலக் கரைச் சேலையை உடுத்துக்கொண்டு உங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். வெள்ளத்தில் அகப்பட்ட சிலரை லொறியில் ஏற்றித் தெற்கே கொண்டுபோனதாக ஒரு கதை அடிபட்டது. அக்கரைப்பற்றுச் சந்தியில் ஒரு தேநீர்க் கடையின் முன் நின்று நான் கேட்டேன்: "கல்முனை மாஸ்டர் ஒராள், இடது கால இழுத்து நடப்பாரு. இந்த வழியால எந்தப் பக்கம் போனாரு?" கடைக்காரர் நல்ல மனிதர். என்னை வெறும் கையோடு அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை. வீதியை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "தெற்காலதான் போயிருப்பாரு, புள்ள" என்றார். தெற்கே ஆஸ்பத்திரிகளிலும் பள்ளிவாசல்களிலும் தேடினோம். ஒன்றும் கிடைக்காமல் திரும்பினோம்.

அதற்குப் பிந்திய பெரும்போக நெல் அறுப்பும் முடிந்த காலம். பொத்துவில் பக்கத்திலிருந்து எருமைத் தயிர் கொண்டுவரும் ஒருவர் நமது படலையில் நின்று, சட்டியை இறக்கியபடி, "மாஸ்டர்ர கால் இப்ப எப்பிடி?" என்று கேட்டார். நீ கிணற்றடியில் நின்றாய். தண்ணீர் அள்ளிய வாளி உன் கையிலிருந்து கிணற்றுக்குள் போன சத்தம் இன்னும் எனக்குக் கேட்கிறது. நான் 'எந்த மாஸ்டர்?' என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. "எந்தக் கால்?" என்று கேட்டேன்.

"இடது கால்தான். வேற எது?"

"நீங்க அவரக் கண்டீங்களா?"

"நான் காணல்ல. திருக்கோவில்ல கதைச்சாங்க, கால் ஏலாம இருந்து இப்ப நடக்காரெண்டு. ஏன், அவரு இன்னம் வீட்ட வந்து சேரல்லியா?"

இன்னும் வந்து சேரவில்லையா. அந்தக் கேள்வி அவரை வழியில் போட்டுவிட்டது. எங்கோ ஒரு பஸ்ஸில், எங்கோ ஒரு நிழலில், காலைத் தடவியபடி வந்துகொண்டிருக்கும் மனிதராக.

அடுத்த நாள் நீயும் நானும் மட்டும் போனோம். திருக்கோவிலில், கோயில் வீதியில் கற்பூரமும் தேங்காயும் விற்கும் தமிழ்ப் பெண்ணிடம்தான் தயிர்க்காரர் அந்தக் கதையைக் கேட்டிருந்தார். அவள் ஆறுதலாகப் பேசினாள். "பாவம், நொண்டி நொண்டி இஞ்சாலதான் வந்தவராம். தொப்பிய மடிச்சுச் சேட்டுப் பைக்குள்ள வச்சிருந்தவராம். அவருக்குச் சாப்பாடு குடுத்தது ஆரெண்டுதான் தெரியல்ல, அம்மா." அவளும் காணவில்லை. அக்கரைப்பற்றுச் சந்தியில் ஒரு தேநீர்க் கடையில் கேள்விப்பட்டாளாம். சாப்பாடு கொடுத்தது யார் என்று தெரியாதாம். சாப்பாடு கொடுக்கப்பட்டது என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

திரும்பும் வழியில் அதே கடை. கடைக்காரருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. நான் இம்முறை ஒன்றும் கேட்கவில்லை, நீதான் கேட்டாய். "ஓம் தம்பி, தெரியும். கால் இழுக்கிற மாஸ்டர். இந்த வழியாலதான் போனவரு. ஒரு புள்ள வந்து, எந்தப் பக்கம் போனாரெண்டு கேட்டுக்கு நிண்டிச்சி. நீலக் கரச் சீல. படிச்ச ஆள், என்னமாக் கதைக்கும் தெரியுமா! அப்பிடிப்பட்ட ஆள் இல்லாத ஒண்டச் சொல்லுமா?"

நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். நான் அந்த நீலக் கரைச் சேலையில்தான் நின்றேன். அவர் என் முன்னாலேயே என்னை எனக்குச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தார். நான் கேட்ட கேள்விக்குப் பின்னால் நடந்து வந்த மனிதர், என் நல்ல தமிழின் தோளைப் பிடித்துக்கொண்டு, ஊர் ஊராகக் காலை இழுத்துப் போயிருக்கிறார். ஒருவரும் பொய் சொல்லவில்லை. ஒருவரும் 'அவர் உயிரோடு இருக்கிறார்' என்றுகூடச் சொல்லவில்லை. அதைச் சொல்லியிருந்தால் யாராவது 'கண்டீர்களா' என்று கேட்டிருப்பார்கள்.

அன்றே எல்லாம் முடிந்திருக்க வேண்டும். முடியாததற்குக் காரணம் அந்தத் தொப்பி. பஸ்ஸில் நான் உன்னிடம் சொன்னேன், காலைப் பற்றிச் சொன்னது நான்தான், அவர் தொப்பியை மடித்து வைக்கும் பழக்கத்தைப் பற்றி நான் யாரிடமும் மூச்சு விடவில்லை என்று. நீ சன்னலோரம் இருந்து, "அப்ப ஆரோ கண்டிரிக்காங்க உம்மா" என்றாய். நானும் தலையாட்டினேன். அந்தத் தொப்பியில்தான் நீ ரியாத்திலும் நான் இங்கேயும் இத்தனை வருஷம் வாழ்ந்தோம்.

நீ போன பிறகு இந்த வீட்டில் நடந்ததை உனக்கு எழுதியதில்லை. ஊர் பேசும் விதத்தில் அவருக்கு ஓர் இடம் விழுந்துவிட்டது. உன் மாமா வந்தால் வாப்பாவின் கதிரையில் உட்காரமாட்டார். முன்னால் இருக்கும் வாங்கில் ஒதுங்கி உட்காருவார். கூரை வேய வந்தவர்கள், "மாஸ்டருக்கு எந்த ஓடு விருப்பம்?" என்று கேட்டார்கள், நான் அவருக்குப் பிடித்ததைச் சொன்னேன். பக்கத்து வளவில் புயலுக்குப் பிறகு பிறந்த பெண் குழந்தை ஒன்று நமது விறாந்தையில் விளையாட வரும். ஒருநாள் அது பூட்டிக் கிடந்த அவருடைய வடக்கு அறையைத் தாண்டும்போது விரல் நுனியில் நடந்ததைக் கண்டேன். ஏன் மகள் என்று கேட்டேன். "மாஸ்டரப்பா எழும்பிருவாரு" என்றது. யாரும் அதற்கு அப்படிச் சொல்லிக்கொடுக்கவில்லை. எங்கள் பேச்சைக் கேட்டு வளர்ந்த குழந்தை. எங்கள் பேச்சில் இருந்த ஒருவரை அது உள்ளே படுக்கவைத்திருந்தது. அன்று பகல் முழுவதும் நான் அந்த அறைக்கு முதுகைக் காட்டாமல் வேலை செய்தேன். சொன்னால் சிரிப்பாய். சிரி.

பின்னைய வருஷங்களில் தெற்கு வீதியால் போய்வருவதே பயமாகிப்போனது. ஆட்கள் காணாமற் போவது இந்தக் கரையில் எல்லாச் சாதி சமயத்து வீடுகளுக்கும் வந்துவிட்டது. 'அவன் எங்க இரிக்கானாம்?' என்று கேட்பது மரியாதையாகவும், 'இரிக்கானா?' என்று கேட்பது கொடுமையாகவும் ஆனது. எல்லாரும் மரியாதையாகவே நடந்துகொண்டோம்.

தங்கைக்கு நல்ல சம்பந்தம் வந்தது. நமது வழக்கப்படி வீடு அவளுக்கு. மாப்பிள்ளை இங்கே வந்து இருப்பார். நான் பின்வளவில் கட்டிய சின்ன வீட்டுக்குப் போவேன். மாப்பிள்ளையின் தாய் வந்து அறைகளைப் பார்த்தாள். வடக்கு அறையின் வாசலில் நின்றுவிட்டாள். "மாஸ்டர் வந்தா எங்க படுப்பாரு, மச்சி? எங்கட புள்ள அவருக்குப் பக்கத்து அறையில எப்பிடி இரிக்கிற?" என்று கேட்டாள். பகிடியாகக் கேட்கவில்லை. நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். பின்வளவு வீட்டில் அவருக்கும் ஒரு கட்டில் போடலாம் என்று சொல்லப் போனேன், மகன். அப்போதுதான் தங்கையின் முகத்தைப் பார்த்தேன். தேநீர்த் தட்டோடு நின்றவள், இந்தக் கலியாணம் இதோடு முடிந்தது என்று தெரிந்தவளைப்போல நின்றாள். இதற்கு முன் வந்தவர்களும் இப்படி ஏதோ ஒரு கேள்வியோடுதான் எழுந்து போனார்கள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அவளையும் மாமாவையும் கூட்டிக்கொண்டு, நமது கலியாண விஷயங்களுக்குத் தீர்ப்புச் சொல்லும் காதியார் வீட்டுக்குப் போனேன். நாங்கள் திரைக்குப் பின்னால் இருந்தோம். காதியார் இளம் ஆள், நேராகப் பேசுபவர்.

"கலியாணக் காவின் எழுதுறெண்டா வலீ ஆரெண்டு எழுதோணும். தகப்பன் காணாமப் போனவரெண்டா நான் நிப்பன். மௌத்தெண்டா இவட காக்கா, உங்கட மகன், நிக்கோணும். ரெண்டுல எது? உம்மாதான் சொல்லோணும்."

அத்தனை வருஷத்தில் என்னிடம் கேட்கப்பட்ட முதல் நேரான கேள்வி அது. அதற்குப் பின்னால் யாரும் நிற்கவில்லை. நான் தொப்பியைச் சொன்னேன். யாரிடமும் சொல்லாத அடையாளம் திருக்கோவில் வரை எப்படிப் போயிருக்கும், கண்ட ஒருவர் இல்லாமல் எப்படிப் போகும் என்று வழக்கறிஞர்போல வாதாடினேன். நான் முடிப்பதற்குள் தங்கை என் முழங்கையைப் பிடித்தாள்.

"உம்மா, அத நான்தான் சொன்னன்."

"என்னத்த?"

"முதல்முதல் போனமே, அக்கரைப்பத்துக்கு. நீங்களும் காக்காவும் தண்ணி குடிக்க உள்ளுக்குப் போனீங்க. நான் வாங்குல இருந்தன். கடைக்கார மாமா கேட்டாரு, தொப்பி போட்டிருந்தாரா புள்ள எண்டு. வாப்பா தொப்பிய மடிச்சிப் பைக்குள்ள வச்சிரிப்பாரு எண்டு சொன்னன்."

"இத ஏன் எனக்கிட்டச் சொல்லல்ல?"

"தொப்பியக் கதைக்கிறதே எனக்கு மறுகாத்தான் தெரியும். நீங்களும் காக்காவும் அதப் புடிச்சிக்கு இருந்தீங்க. நீங்க ஒருநாளும் எனக்கிட்டக் கேக்கல்லியே உம்மா."

கேட்கவில்லை. சின்னப் பிள்ளை, அவளுக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது என்று நான் எனக்குள்ளேகூடச் சொல்லிப் பார்த்ததில்லை, அப்படியே இருந்துவிட்டேன். திரைக்கு அப்பால் காதியார் தொண்டையைச் செருமினார். "காதியார் நிண்டு எழுதுற காவின் எனக்கு வேணாம்" என்றாள் தங்கை, எனக்குத்தான், ஆனால் எல்லாருக்கும் கேட்கும்படி. "காக்கா வந்து நிக்கட்டும். இல்லாட்டி நான் இப்பிடியே இரிக்கன்."

நான் சொன்னேன். "அவரு மௌத்தாகிட்டாரு." அதைச் சொல்ல ஒரு மூச்சுப் போதுமாக இருந்தது. காதியார் மாமாவையும் ஊரில் இரண்டு பெரியவர்களையும் விசாரித்துத் தீர்ப்புச் சொன்னார். அந்த நாளிலிருந்து நான் இத்தாவில் இருக்கிறேன். அவர் அறையைத் திறந்து, கட்டிலைத் துடைத்து, அதிலேயே இருக்கிறேன். பெண்கள் வருகிறார்கள். இப்போதுதான் செய்தி வந்ததுபோல என்னைக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். அவர்கள் விறாந்தையில் பேசுவது எனக்குக் கேட்கிறது. "நல்ல மனிசனா இருந்தாரு" என்கிறார்கள். முதல் சில நாட்கள், ஒவ்வொருத்தி அப்படிச் சொல்லும்போதும் வீடு கொஞ்சம் பெரிதாவதுபோல, யாரோ மெதுவாக எழுந்து வழிவிடுவதுபோல இருந்தது. பக்கத்து வளவுக் குழந்தை மட்டும், இப்போது வளர்ந்துவிட்டாள், வாசலில் நின்று கட்டிலைப் பார்த்துவிட்டு, "அவரு எங்க போயிட்டாரு?" என்று கேட்டாள். அவளுக்கு நான் என்ன சொல்ல? அவள் அவரோடு வளர்ந்தவள்.

உனக்குச் சொல்ல வேண்டியது இதுதான். நீ ஒருநாள் கலியாணம் முடிப்பாய். உன் பெண்சாதியிடம் 'ஏன் இப்பிடி முகத்தை வச்சிக்கு இரிக்காய்' என்று கேட்குமுன், அவள் முகம் அப்படி இருக்கிறதா என்று பார். உன் பிள்ளைகளில் பேசாதது எதுவோ அதனிடம் முதலில் கேள். என்னைப்போல் நன்றாகப் பேசுகிறவர்களை, முக்கியமாக, இருமுறை விசாரி.

இத்தா முடிந்ததும் காவின் எழுதலாம் என்று மாப்பிள்ளை வீட்டார் இருக்கிறார்கள். நீ வராவிட்டால், நீ ஊரில் இல்லை என்று எழுதிக் காதியார் நிற்கலாம். மார்க்கம் இடம் கொடுக்கிறது. தங்கை சொன்னதை நான் கெஞ்சி மாற்றியும் விடுவேன். ஆனால் சபையில் இருப்பவர்கள், காக்கா ஏன் நிற்கவில்லை என்று ஒருவரை ஒருவர் கேட்பார்கள். அது போதும். அந்தக் கேள்வியோடு அவர் மறுபடி உள்ளே வருவார். தங்கை இந்த வீட்டில்தான் குடித்தனம் நடத்த வேண்டும். அவள் பிள்ளைகள் இந்த விறாந்தையில்தான் தவழ வேண்டும். அவர்களும் விரல் நுனியில் நடப்பதை நான் பார்த்துக்கொண்டிருக்க மாட்டேன்.

உன் வாப்பா மௌத்தாகிவிட்டார், மகன். யாரோ சொன்ன கதையாக இல்லாமல் இதை உனக்கு உன் உம்மா சொல்கிறேன். நீ அங்கே தனியாக இருந்து அழ வேண்டியிருக்கும்; அதற்கு நான் பக்கத்தில் இல்லை.

இந்த இடத்தில் 'நீ எந்த மாதம் வருகிறாய்' என்று எழுதியிருந்தேன். அது உன் பதிலையும் நானே எடுத்துக்கொள்ளும் கேள்வி, வெட்டிவிட்டேன். மேலே வெட்டுக் கிடப்பது அதுதான். தங்கைக்கு வலீயாக நிற்க நீ வருவாயா? மாட்டாய் என்றால் மாட்டேன் என்றே எழுது.

உம்மா